சர்க்கரையை அளக்கிறோம், ஈறை அளப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை வெட்டியெடுத்து வைத்திருக்கிறேன். விழித்திரை, சிறுநீரகம், பாதம், இதயம் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்ன பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதையும் தெளிவாகக் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையில் வாய் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் என்னைப் பார்த்த எந்தப் பொது மருத்துவரும் வாயைத் திறந்து காட்டச் சொன்னதில்லை, நானாகவும் காட்டியதில்லை. விடுபட்டது கட்டுரையில் மட்டும் அல்ல என்பதால் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது. இடம் கருதிச் சுருக்கிக்கொள்ளும் உரிமை தங்களுடையது.

மன்னார்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். "பார்த்துச் சொல்லாதே, அளந்து சொல்" என்று ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன். என் சர்க்கரை விஷயத்தில் அதை ஒழுங்காகவே கடைப்பிடித்தேன். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று 2010-ஆம் ஆண்டிலிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். கண்ணுக்கும் காலுக்கும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும்கூட அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஈறுக்கு மட்டும் கட்டம் இல்லை. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ் முரடு என்று வேறு பிரஷ் வாங்கினேன். காலையில் வாயில் கெட்ட சுவை இருந்தால் இரவுச் சாப்பாட்டின் மீது பழி போட்டேன். வலித்திருந்தால் ஓடியிருப்பேன், ஆனால் ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. 2022 கோகுலாஷ்டமியன்று சீடையைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று உதட்டுப் பக்கமாகச் சாய்ந்து மீண்டதை நாக்கு உணர்ந்தது. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

முதலில் போனது வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் 'ஸ்கேலிங்' இருபது நிமிடத்தில் முடிந்தது. பல் பளிச்சென்று இருந்தது, எனக்கும் மகிழ்ச்சி. ஒரு மாதத்துக்குள் ரத்தம் திரும்பிவிட்டது. ஆறு மாதம் கழித்து மீண்டும் அதே இருபது நிமிடம், அதே பளபளப்பு, அதே ரத்தம். அடுத்துப் போன வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஈறைக் கிழித்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எட்டுப் பற்களை எடுத்துவிட்டுச் செயற்கைப் பல் பொருத்த வேண்டும் என்று சொல்லி, ஒரு தொகையை எழுதிய தாளையும் கையில் கொடுத்தார்கள். அப்போது என் எச்பிஏ1சி 8.6. அந்த நிலையில் கத்தி வைப்பது எப்படி என்று தயங்கி வீடு திரும்பினேன். இவர்கள் இருவரும் செய்யாத வேலை ஒன்று உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: இருவருமே என் ஈறை அளந்து பார்க்கவில்லை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சொல்லி, இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே பட்ட மேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் மருத்துவர், என் மகள் வயது இருக்கும், முதலில் கேட்டது பல்லைப் பற்றி அல்ல. "காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா ஐயா, சர்க்கரை மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டார். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நாற்காலியில் வெகுநேரம் படுத்திருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, மேசை மேல் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் தயாராக இருந்தது. பிறகு, முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கணக்கில் கறுப்புப் பட்டைகள் போட்ட ஒரு மெல்லிய கம்பியை எடுத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். "மூன்று, நான்கு, ஆறு... ஐந்து, ஐந்து, ஏழு..." என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற மாணவர் கட்டம் போட்ட தாளில் எழுதினார். பள்ளியில் மதிப்பெண் பட்டியல் வாசிப்பது போலவே இருந்தது. இங்கே மதிப்பெண் கூடினால் தோல்வி என்பது ஒன்றுதான் வேறுபாடு.

ஆரோக்கியமான ஈறில் அந்தக் கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. நான்கும் அதற்கு மேலும் இறங்கினால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகியிருக்கிறது என்று பொருள். ஆறும் அதற்கு மேலும் என்றால் பிரஷோ பல்லிடுக்கில் விடும் நூலோ நெருங்க முடியாத ஆழம். அதற்கு அடியில் எலும்பும் கரைந்திருக்கும். என் வாயில் அன்று 26 பற்கள், அதாவது 156 இடங்கள். அவற்றுள் 71 இடங்களில் நான்கு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. 14 இடங்களில் ஆறும் அதற்கு மேலும். தொட்டவுடன் ரத்தம் கசிந்த இடங்களைத் தனியே சிவப்புப் புள்ளி வைத்துக் குறித்திருந்தார்கள். தாளின் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. இருபது நிமிட வேலைதான் இது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் எழுதிவந்த நோட்டில் இல்லாத கட்டம் அந்த ஒரே தாளில் நிரம்பிவிட்டது.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் என்ன உறவு என்பதை அந்த மருத்துவர் சொன்னபடி எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாக ஒட்டி வளர்கின்றன. நாளடைவில் அது இறுகிக் காரையாகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பவர்களுக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரிவரச் செயல்படுவதில்லை, நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபடுகின்றன, ஈறையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்கிவிடுகிறது. அழிகிற வேகத்துக்குப் புதுத் திசு உண்டாவதில்லை. எதிர்த்திசையிலும் இதே கதை நடக்கிறது. ஈறுப் பைகளின் உட்சுவர் புண்ணாகிக் கிடக்கும்போது அங்கிருந்து அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஈறு நோய் முற்றியவர்களின் வாயில் ஈறும் பல்லும் சேரும் பரப்பைக் கணக்கிட்டவர்கள் அது 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் என்கிறார்கள். சர்க்கரை நோயாளி ஒருவரின் காலில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் தெருவே கூடி விசாரிக்கும். வாய்க்குள் இருப்பதால் வீட்டாருக்கே தெரிவதில்லை.

எனக்குச் செய்த சிகிச்சை அறுவை அல்ல. இருபது நிமிட ஸ்கேலிங்கும் அல்ல. முதல் நாள் முழுக்கப் பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அறுபது வயதில் பல் துலக்கப் படிப்பதா என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது உண்மை. வாயில் ஒரு சாயத்தைத் தடவிக் கண்ணாடியைக் காட்டியதும் சிரிப்பு அடங்கியது. நான் நன்றாகத் துலக்கிவிட்டு வந்ததாக எண்ணியிருந்த பற்களின் உட்புறமும் இடுக்குகளும் கருஞ்சிவப்பாக நின்றன. பிரஷை ஈறின் விளிம்போடு சாய்த்துப் பிடித்துச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும், பற்களின் இடுக்குக்குப் புட்டி கழுவும் தூரிகையைக் குட்டியாக்கியது போன்ற ஒரு பிரஷைத் தினமும் ஒரு முறை நுழைத்தெடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வலப்பக்கம், அதற்கடுத்த வாரம் இடப்பக்கம் என்று இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மரத்துப்போக ஊசி போட்டார்கள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சும் அதிர்வுக் கருவி. பிறகு கையால் பிடிக்கும் வளைந்த சிறு சுரண்டிகள். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மண்டைக்குள்ளிருந்தே கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். வலி இல்லை. நடுவில் பஞ்சுத் துணியில் ஒரு துணுக்கை வைத்துக் காட்டினார். கடுகில் பாதி இருக்கும், கரும்பச்சை நிறம், கல் போன்ற உறுதி. கண்ணாடியில் தெரியும் மஞ்சள் காரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போல் இருந்தது. ஈறுக்குக் கீழே ரத்தக் கசிவில் ஊறி ஊறி அந்த நிறம் வருகிறதாம்.

பிறகு வந்த சங்கடங்களையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. இரண்டு வாரம் பச்சைத் தண்ணீர் பட்டால் பல் கூசியது. இரண்டு வாரத்துக்குக் கொடுத்த குளோர்ஹெக்ஸிடின் வாய்க் கொப்பளிப்பு மருந்து நாக்கின் சுவையைக் கெடுத்தது, காப்பி காப்பியாக இல்லை. பல்லில் பழுப்புக் கறையும் ஏற்றியது, அதைப் பின்னர் தேய்த்து எடுத்தார்கள். வீக்கம் வற்றியதும் பற்கள் நீண்டது போலவும் இடுக்கில் சந்து விழுந்தது போலவும் தெரிந்தது. "சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும், சந்து விழும்" என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது இந்தக் காட்சியிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சுரண்டியவர்கள் உண்டாக்கவில்லை; எலும்பு கரைந்தபோதே விழுந்த இடைவெளியை வீக்கமும் காரையும் அடைத்து மறைத்திருந்தன. இடிந்த சுவரைக் குப்பைமேடு தாங்கி நிற்பது போல, ஆடும் பல்லைக் காரை சில நாள் தாங்கி நிற்பதும் உண்டு. குப்பையை வாரியவன் சுவரை இடித்ததாகச் சொல்வது நியாயம் அல்ல.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் இருந்த 71 இடங்கள் 19 ஆகக் குறைந்திருந்தன. ஆறும் அதற்கு மேலும் இருந்த 14 இடங்கள் 3 ஆகிவிட்டன. கீழ்வரிசை முன்பல்லின் ஆட்டம் முற்றிலும் போகவில்லை, ஆனால் சீடைக்கு அஞ்சுவதில்லை. கடைவாய்ப் பல் ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியாமல் எடுத்தார்கள். எட்டுப் பல் என்று சொன்ன இடத்தில் ஒன்று. எஞ்சிய இடங்களில் மீண்டும் ஒரு முறை ஆழச் சுத்தம் செய்தார்கள். ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே ஒழுங்கைத்தான் சொல்கிறது: முதலில் வீட்டுப் பராமரிப்பும் சர்க்கரை, புகையிலை போன்ற காரணங்களைக் கட்டுக்குள் கொண்டுவருதலும், அடுத்து ஈறுக்குக் கீழே சுத்தம், அளந்து பார்த்த பின்பும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் நிற்கும் பைகளுக்கு மட்டும் அறுவை பற்றிய யோசனை, அதன்பின் வாழ்நாள் முழுவதும் இடைவெளி விட்டுப் பராமரிப்பு. அறுவை சிகிச்சை வேண்டாத ஒன்று என்று நான் வாதிடவில்லை. அளக்காமலே அதைச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

என் எச்பிஏ1சி 8.6-லிருந்து 7.9-க்கு இறங்கியது. ஈறு சிகிச்சையால்தான் இறங்கியது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதே மூன்று மாதத்தில் பயந்துபோய் மாலை நடையையும் ஆரம்பித்திருந்தேன். மருந்தின் சுவைக்கேட்டால் காப்பியும் குறைந்திருந்தது. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டு ஒன்றைக் காரணம் காட்டும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. ஆகவே என் கணக்கை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன்.

லண்டனில் 264 சர்க்கரை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2018-இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஈறுக்குக் கீழே ஆழச் சுத்தம், தேவைப்பட்டவர்களுக்கு அறுவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்பு. மறு பிரிவினருக்கு அதே நாள்களில் ஈறுக்கு மேலே தெரியும் காரையை மட்டும் எடுத்து மெருகு போட்டு அனுப்பினார்கள். ஓராண்டின் முடிவில் முதல் பிரிவின் எச்பிஏ1சி மற்றதைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறு பிரிவினருக்குக் கொடுத்த அந்த மேல் மெருகைத்தான், நான் இரண்டு முறை காசு கொடுத்து, சிகிச்சை என்று எண்ணி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஐந்து மையங்களில் 514 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2013-இல் வெளியானபோது, ஈறு சிகிச்சையால் ஆறு மாதத்தில் சர்க்கரை சிறிதும் குறையவில்லை என்றே முடிவு சொன்னது. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அங்கே நாற்காலியில் ஒவ்வொருவருக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் செலவிட்டிருந்தார்கள். பின்னர் அதை அலசிய ஈறு நோய் அறிஞர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: சிகிச்சைக்குப் பிறகும் அந்த நோயாளிகளின் வாயில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கிருமிப் படலம் இருந்தது, நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ரத்தம் கசிந்தது. ஈறே ஆறாதபோது சர்க்கரை எப்படி இறங்கும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எத்தனை மணி நேரம் சுத்தம் செய்தார்கள் என்பதை விட, முடிவில் ஈறு ஆறியதா என்பதுதான் கணக்கு; அதை அளந்துதான் சொல்ல முடியும், அதில் பாதிப் பொறுப்பு வீட்டில் பிரஷைப் பிடிப்பவருடையது. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, மொத்தம் 3,249 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்து, அறுவையில்லாத ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளியும் ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைகிறது என்று முடிவு கண்டது. பெரிய எண் இல்லை. இதை நம்பி யாரும் ஒரு மாத்திரையைக்கூடத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் 8.6-இல் நிற்பவனுக்கு 0.4 என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணும் இல்லை. அதோடு பல்லும் மிஞ்சுகிறதே.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஈறு நோயைச் 'சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு' என்று 1993-இல் எழுதியவர் நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர். அவரே 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளைத் திரும்பத் திரும்ப அளந்து பதிவு செய்தவர். பல் மருத்துவரையே கண்டிராத, பிரஷைத் தொட்டிராத அந்தத் தொழிலாளர்கள் ஏறத்தாழ எல்லோர் பல்லிலும் காரையும் படலமும் மண்டியிருந்தன. ஆனாலும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விறுவிறுவென முற்றியது, 81 பேருக்கு மிதமாக, 11 பேருக்கு ஈறழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. காரை எல்லோருக்கும் பொது. அதைத் தாங்கும் உடம்புதான் ஆளுக்கு ஆள் வேறு. சர்க்கரை நோய் மனிதரை அந்த எட்டுப் பேரின் பக்கமாகத் தள்ளுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். தோட்டம் என்றதும் நம் மக்களின் முகம் நினைவுக்கு வராமல் இராது; சிகிச்சையே காணாத அவர்கள் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம் நம் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லையே என்ற ஆதங்கமும் கூடவே வருகிறது.

ஈறு வீங்கிச் சீழ் கோத்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை பற்றி ஒரு வரி. நானும் விழுங்கியிருக்கிறேன், நான்கு நாளில் வற்றும், நான்கு மாதத்தில் திரும்பும். படலத்துக்குள் பதுங்கிய கிருமியை மாத்திரை மட்டும் எட்டாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதலும் சுத்தத்தோடு சேர்த்துக்கூட அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண், திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் காலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். அதே திண்ணையில், பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா, பல் ஏதேனும் ஆடுகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். ஆம் என்பவர்களை வட்ட மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டெழுதி அனுப்பினால் போதும். புகைப்பவர்களிடம் மட்டும் இரண்டாம் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும்; புகையிலை ரத்தக் கசிவை மறைத்துவிடும். பிரிட்டனின் சுகாதார வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், 2022 ஜூன் மாதத்திலேயே தன் நீரிழிவு விதிகளைத் திருத்தி, ஈறு நோய்க்கு வாய்ப்பு மிகுதி என்பதையும், அதைச் சரிசெய்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படலாம் என்பதையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆண்டுப் பரிசோதனையில் எடுத்துச் சொல்லும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

சீட்டெழுதி அனுப்பினால் மட்டும் ஆகிவிடாது, அனுப்பிய இடத்தில் அளக்கவும் வேண்டும் என்பது என் அடுத்த கவலை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குவது இயலாத காரியம் என்பதை அறிவேன். அந்த வேலையைப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்ப் பிரிவுகள் செய்யலாம். பயிற்சிக்கு நோயாளிகள் தேவைப்படும் மாணவர்களும், குறைந்த செலவில் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளும் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். ஆனால் ஆறு இடங்களில் அளந்து, எண்களைத் தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுப்பதை எந்த மருத்துவமனையும் செய்யலாம். தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வோரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவைத் தாளில் வாங்காமல் வீடு திரும்புவோமா? சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கோப்பில் வைத்துக்கொண்டு போனால், அவரும் பார்க்காமல் இருக்க மாட்டார். என் மருத்துவர் முதல் முறை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எது நல்ல எண்?" என்று கேட்டார். மூன்று என்று சொன்னேன். இப்போது ஒவ்வொரு முறையும் அவரே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்தப் பரிசோதனைப் பட்டியலை மறுபடி வெளியிடும்போது ஈறுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். என் நோட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துப் புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். மேல்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஓர் இடம் இன்னும் ஆறிலேயே நிற்கிறது; வேர்கள் பிரியும் இடம் என்பதால் சுரண்டி முழுதாக நுழையவில்லை, எச்பிஏ1சி ஏழுக்குக் கீழே வந்தால் அங்கே மட்டும் சிறிய அறுவை செய்யலாமா என்று பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை மூன்று மாதத் தவணை. காலையில் இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, ஏழே கால் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.